அரசரடியில் ஒலித்த பறை: தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் கலைகளும்

கல்லூரி வரலாறு என்றால் கட்டடங்களில் தொடங்குவதுதான் வழக்கம். அடிக்கல் நாட்டிய நாள், முதல்வர்களின் வரிசை, நன்கொடையாளர் பெயர்கள் என்று போகும். இந்த மலரின் மற்றப் பக்கங்களில் அவையெல்லாம் இடம்பெறும். எனக்கு ஒதுக்கப்பட்டது கலைகள் என்ற மூலை. அந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தால்தான் கூடம் முழுவதும் தெரிகிறது என்பது என் எண்ணம். காரணம், ஆராதனையில் எந்தப் பாட்டு, யாருடைய கொட்டு என்ற கேள்வி இந்த வளாகத்தில் அலங்காரக் கேள்வியாக இருந்ததில்லை. கடவுள் யார் பக்கம் என்ற கேள்வியே இங்கே அந்த உருவில்தான் எழுந்தது.

திண்டுக்கல், தேனி, கோயம்புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களை மதுரையின் ஆரப்பாளையம் பேருந்து நிலையம் இறக்கிவிடும். அங்கிருந்து கல்லூரி இருக்கும் அரசரடி கூப்பிடு தூரம். ஒரு பக்கம் வைகைக் கரை, ஒரு பக்கம் மில் தொழிலாளர் குடியிருப்புகள், பக்கத்திலேயே ஞானஒளிவுபுரத்தின் கத்தோலிக்கத் தேவாலயம். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் எழுந்தருளும் புட்டுத்தோப்பும் இதே வட்டாரம்தான். வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமக்க வந்து, வேலை செய்யாமல் பாடி ஆடி உறங்கி, பாண்டியனிடம் பிரம்படி பட்ட கூலியாள் கடவுளின் கதை ஆண்டுதோறும் அங்கே நடித்துக் காட்டப்படுகிறது. அடி பட்ட கடவுளைப் பற்றிப் பாடம் நடத்தும் ஒரு கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான அண்டைவீடு கிடைத்திருக்குமா என்று நான் நினைப்பதுண்டு.

கிறித்தவமும் தமிழ்க் கலையும் கைகோத்த கதை, கல்லூரி தொடங்கிய 1969க்கு வெகுமுன்பே மதுரைச் சீமையில் தொடங்கிவிட்டது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலியும், மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவரும், 1726இல் அவர் முடித்த தேம்பாவணியும் பள்ளிப் பாடத்திலேயே வருகிற செய்திகள். அவற்றைவிட நம் கதைக்கு நெருக்கமான இன்னொரு கூட்டுறவு உண்டு. 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் திண்டுக்கல்லில் பணியாற்றினார். சபைகளில் ஆங்கில ராகத்துக்குத் தமிழ்ச் சொற்களை இழுத்துப் பொருத்திப் பாடியது அவருக்குச் சரியாகப் படவில்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேகரித்தார். 1850களில் மிஷன் வழியாகப் பாடல் நூலாக அச்சிட்டார். இன்று தென்னிந்தியத் திருச்சபையில் ஞாயிறு தவறாமல் பாடப்படும் கீர்த்தனை மரபு புத்தக வடிவம் பெற்றது இப்படித்தான். பட்டப்படிப்பும் ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு புலவரும் ஒரு போதகரும் நடத்திய கல்விக் கூட்டு அது.

ஆனால் அந்தக் கூட்டில் ஒரு முள் இருந்தது. சாஸ்திரியார் பெரும் கவிஞர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்றவர். சரபோஜி மன்னரோடு பழகியவர். திருச்சபையில் சாதி வழக்கங்களை ஒழிக்கவேண்டும் என்று மிஷனரிகள் வற்புறுத்தியபோது எதிர்த்து நின்று எழுதியவரும் அவரே. ஒரே பந்தி, ஒரே வரிசை என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் சொந்த இசை என்று பெருமையோடு நெஞ்சில் வைத்திருக்கும் கீர்த்தனைகளின் தந்தை சாதியை விடாதவர் என்பது விழா மலர்களில் பெரும்பாலும் எழுதப்படாத சேதி. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அரசரடியில் வெடித்த வாதத்துக்கு வேர் இங்கே இருப்பதால் அதை விட்டுவிட முடியவில்லை.

1969இல் கல்லூரி உருவானதே ஒரு கூட்டுறவால்தான். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டீரியன் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையானபோது லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். சபைகள் ஒன்றாகவில்லை; போதகர்களை உருவாக்கும் வேலையிலாவது ஒன்றாகலாம் என்று தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்நாட்டுத் திருமண்டலங்களும், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் கை சேர்த்தன. நாசரேத்துப் பக்கத்தில் இருந்த திருமறையூர்க் கல்லூரியின் மரபு மதுரைக்கு வந்தது. பட்டம் தருவது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி. 1818இல் மிஷனரி கேரியும் தோழர்களும் தொடங்கி, 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற அதே செராம்பூர்தான். நாடு முழுவதும் இறையியல் கல்லூரிகளுக்கு அதுதான் பாடத்திட்டம் வகுக்கிறது. பாடத்திட்டம் வங்காளத்திலிருந்து வரலாம். அதைத் தமிழில் நடத்துவோம் என்பதே மதுரை எடுத்த முடிவு. தமிழில் நடத்தத் தொடங்கியதும் தமிழரின் பாட்டும் கூத்தும் வகுப்பறைக்குள் வராமல் இருக்க முடியவில்லை.

1970களில் முதல்வராக இருந்த சாமுவேல் அமிர்தம், பின்னர் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்விப் பிரிவுக்கு இயக்குநராகப் போனவர். மாணவர்கள் நான்கு சுவருக்குள் மட்டும் படிக்கக் கூடாது. குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் வாழ்ந்து படிக்கவேண்டும் என்ற ஏற்பாடு அந்தத் தலைமுறையின் கொடை. கல்லூரியின் கலை வரலாற்றில் இதற்கு உரிய இடத்தை யாரும் கொடுப்பதில்லை. ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு வளாகத்துக்குத் திரும்பும் மாணவனின் காது மாறிவிடுகிறது. ஆராதனை மண்டபத்தில் அவன் பாடுகிற பாட்டுக்கும் குழாயடியில் அவன் கேட்ட பாட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் அவனுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

முதலில் அந்தப் பள்ளத்தை வேறு விதமாகத் தாண்டப் பார்த்தவர் தாமஸ் தங்கராஜ். 1971 முதல் 1988 வரை இங்கே ஆசிரியர். பிறகு அட்லாண்டாவில் எமோரி பல்கலைக்கழகத்தின் கேண்ட்லர் இறையியல் பள்ளிக்குப் போனார். கர்நாடக இசை கற்றவர். தமிழில் ஏராளமான கிறித்தவப் பாடல்களை இயற்றி மெட்டமைத்தவர். இயேசுவைக் குரு என்ற சைவ சித்தாந்தக் கருத்தின் வழியே புரிந்துகொள்ள முயன்ற அவரது ஆங்கில நூல் 1994இல் வெளிவந்தது. திருவிருந்து ஆராதனையின் பகுதிகளைக் கர்நாடக இசையில் பாடும் முறை அவர் காலத்தில் இங்கே வேரூன்றியது. ஆர்கனும் நான்கு குரல் பாடகர் குழுவும்தான் பக்தி என்று நம்பிய நகரச் சபைகளுக்கு அது பெரிய அடியெடுப்பு. தம்புராவும் மிருதங்கமும் பீடத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. சொந்த மண்ணின் இசையில் சொந்தக் கடவுளை வணங்கும் நிறைவு பலருக்குக் கிடைத்தது.

அப்போது ஒருவர் எழுந்து, யாருடைய மண் என்று கேட்டார்.

ஜே. தியோபிலஸ் அப்பாவு 1940இல் பிறந்தவர். தலித் கிறித்தவர். இங்கே தொடர்பியல் துறையில் ஆசிரியர். மாணவர்களுக்கும் கிராமத்துச் சபைகளுக்கும் அவர் பரட்டை அண்ணன். அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டார்; எண்ணெய் படாத தலையோடு திரிகிற, யாரையும் கேள்வி கேட்கத் தயங்காத ஒரு கிராமத்து ஆளின் வேடம் அது. மேல்நாட்டு இசையும் கர்நாடக இசையும் தெரிந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். தெரியாததால் ஒதுக்கினார் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அவர் வாதம் எளிமையானது, சங்கடமானதும் கூட. தமிழ்நாட்டுக் கிறித்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் சேரியிலிருந்தும் கிராமத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் நடவுக்கும் தாலாட்டுக்கும் சாவுக்கும் பாடிய பாட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டது. உள்ளே வந்ததோ முதலில் ஐரோப்பிய ஞானப்பாட்டு, பிறகு மேல்சாதியார் மேடையின் ராக தாளம். சுதேசியம் என்று நாம் கொண்டாடுவதற்குள்ளேயே ஒரு சாதிப் படிக்கட்டு இருக்கிறது. அந்தப் படிக்கட்டைக் கர்த்தரின் பெயரால் பூசி மெழுகக்கூடாது. இப்படி ஒரு வாதத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகலாம். அப்பாவு அதோடு விடவில்லை. கிராமிய இசையில் ஒரு முழு ஆராதனை முறையையே அமைத்தார். துதி, பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை, திருவிருந்து எல்லாமே நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில். கடவுளைத் தந்தை என்று மட்டும் நிறுத்தாமல் தாயும் தந்தையுமாகச் சேர்த்துக் கூப்பிட்டார். வரிகளைக் கற்றுக்கொள்ள ஸ்வரமும் தேவையில்லை, எழுத்தறிவும் தேவையில்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடினால் போதும்.

அவர் இறையியலின் மையம் உலை. ஊர்த் திருவிழாவில் வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடும் வழக்கத்தைத் திருவிருந்தின் பொருளாகக் கண்டார். தனித்தனி அடுப்பு இருக்கும்வரை தனித்தனி சாதியும் இருக்கும். சமைப்பதும் உண்பதும் பொதுவானால் உடைமையும் பொதுவாகும் என்று விரித்தார். ஒரு சிறு துண்டு அப்பத்தை நாவில் வைத்துக்கொண்டு பழைய தெருவுக்கே திரும்பிப்போகும் திருவிருந்தில் அவருக்குத் திருப்தி இல்லை.

அவரது இன்னொரு நம்பிக்கை இசைவல்லுநர்களுக்கு அதிர்ச்சி தருவது. பாட்டு மாறவேண்டும் என்றார். கீர்த்தனையை எழுதியவர் பெயரோடு, எழுதியபடியே பாடுகிறோம். நாட்டுப்புறப் பாட்டுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. பாடுகிறவள் தன் ஊர்ச் சங்கதியை நுழைப்பாள், வரி கூட்டுவாள், பிடிக்காததை விடுவாள். மக்கள் கையில் இருக்கும் ஊடகம் என்றால் அதுதான் என்றார் அப்பாவு. மாணவர்கள் அவர் பாடல்களைக் கேசட்டிலும் நினைவிலும் சுமந்துபோய்த் தங்கள் சபைகளில் விதைத்தார்கள். அங்கே பாட்டு மாறியது. மாறியது அவருக்கு மகிழ்ச்சி.

நான் அவரோடு முழுதும் ஒத்துப்போகிறேன் என்று சொல்ல மாட்டேன். நாட்டுப்புறப் பாட்டிலும் பெண்ணை இழிவுசெய்யும் வரி உண்டு. ஒரு சாதியை இன்னொரு சாதி கேலி செய்யும் பாட்டு தெம்மாங்கிலும் உண்டு. மண்ணில் முளைத்தது என்பதாலேயே எதுவும் நற்செய்தி ஆகிவிடாது. அப்பாவுக்கும் இது தெரிந்தே இருந்தது, பொறுக்கித்தான் எடுத்தார். அவரைப் பின்பற்றியவர்கள் எல்லோரும் அந்தப் பொறுக்கலைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கர்நாடக இசையைப் பிராமணர் சொத்து என்று விட்டுக்கொடுப்பதிலும் எனக்கு இணக்கம் இல்லை. சாம்பவர்வடகரையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை அச்சிட்டு, அந்த இசையின் வேர் தமிழிசையில் இருக்கிறது என்று வாதாடிய கிறித்தவர். அந்த வழக்கை அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது.

இந்த விவாதம் உச்சத்துக்குப் போனது பறையில்தான். 1989இல் கல்லூரியில் தலித் ஆதார மையம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் காற்று அப்படி. 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் தொடங்கிவைத்த பேச்சு தலித் இறையியல் என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் 1978 முதலே மேடையைத் தெருவை நோக்கித் திருப்பியிருந்தது. கே. ஏ. குணசேகரன் கிராமியப் பாட்டைக் கல்லூரி அரங்குகளில் பாடிக்கொண்டிருந்தார். ஆதார மையம் நடத்திய தலித் கலைவிழாக்களில் பறையடிக்கும் குழுக்கள் இறையியல் கல்லூரி வளாகத்துக்குள் வந்தன.

வேப்பங்கட்டையில் வட்டம் கூட்டி, மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைத்த கருவி. அடிக்குச்சி ஒரு கையில், சிம்புக்குச்சி மறு கையில். அடிக்குமுன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி வாட்டி எடுத்தால் நாதம் கணீரென்று எழும். இதைத் தெய்வ ஆராதனைக்குக் கொண்டுவருவதை எதிர்த்தவர்கள் மேல்சாதிக் கிறித்தவர்கள் மட்டும் என்று நினைத்தால் தவறு. மனம் அதிகமாகக் கலங்கியது தலித் கிறித்தவர்களுக்குத்தான். தகப்பனும் பாட்டனும் இழவு வீட்டில் அடித்து, எட்டி நின்று கூலி வாங்கிய கொட்டு. படித்து, போதகராகி, அங்கி மாட்டியபின் மறுபடியும் அதைக் கையில் எடுப்பதா? பறையடிக்கும் கட்டாய வேலையை உதறிப் பறையையே கொளுத்திய ஊர்கள் உண்டு. விடுதலை என்றால் அதை விடுவதா, மீட்பதா?

கல்லூரி இதற்குத் தீர்ப்பு எழுதவில்லை. மையத்தின் விழாக்களில் இரண்டு கட்சியும் ஒரே மைதானத்தில் நின்றன என்பதே முக்கியம். இழவுக்குக் கூப்பிட்டால் போகமாட்டோம், விழாவுக்கும் வழிபாட்டுக்கும் போராட்டத்துக்கும் அடிப்போம் என்று இளைஞர் குழுக்கள் கோடு கிழித்துக்கொண்டன. கருவி அதேதான்; கூலியும் கட்டாயமும் கழன்றன. கலையையும் இறையியலையும் பற்றி நூலகத்தில் எவ்வளவோ படிக்கலாம். ஒரு தோல்கருவியின் முன் நின்று அவமானத்தைச் சுமப்பதா, அவமானத்தைக் கழற்றிவிட்டுக் கருவியை மட்டும் வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கவேண்டிய வகுப்பு வேறு எங்கே நடந்தது?

இங்கேதான் அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவி வந்து சேர்ந்தார். ஜோயி ஷெரினியன் அப்போது வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இன இசையியல் ஆராய்ச்சி செய்தவர். 1990களில் அரசரடியில் தங்கி, அப்பாவுவின் பாடல்களைக் கற்று, மாணவர்களோடு கிராமங்களுக்கும் போனார். இப்போது ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தமிழ் நாட்டுப்புற இசையை தலித் விடுதலை இறையியலாக விளக்கும் அவரது நூலை 2014இல் இண்டியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அதற்குமுன் 2011இல், முனைவென்றி கிராமத்துக் குறிஞ்சி மலர் பறைக் குழுவைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். இங்கே யார் யாருக்குக் கற்பித்தார் என்று பார்த்தால் வழக்கமான திசை தலைகீழாகிறது. மேல்நாட்டிலிருந்து நிதியும் பாடப்புத்தகமும் வருவதும், இங்கிருந்து நன்றிக் கடிதம் போவதும்தான் பெரும்பாலான கூட்டுறவுகளின் வழக்கம். இந்த முறை பாடம் அரசரடியிலிருந்து போனது.

அதில் ஒரு வருத்தமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சுத் தமிழில் பாடவேண்டும் என்று ஆயுள் முழுதும் வாதாடியவரைப் பற்றிய மிக விரிவான ஆய்வு, அவர் பாட்டைப் பாடும் பெண்களால் படிக்க முடியாத மொழியில் இருக்கிறது. அதற்கு எழுதியவரைக் குறை சொல்லி என்ன பயன்? தமிழில் எழுதியிருக்கவேண்டியவர்கள் நாம்.

இறையியலும் கலையும் சேர்ந்த கூட்டுகள் உலகத்தில் வேறு பலவும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் 1973 முதல் திருஇசை நிறுவனம் இருக்கிறது; ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூசில் இறையியலுக்கும் கற்பனைக்கும் கலைகளுக்குமான நிறுவனம் இருக்கிறது. ஆசியக் கிறித்தவக் கலைச் சங்கம் 1978இல் உருவாகி ஓவியர்களை ஒன்றுசேர்த்தது. பெங்களூர்ப் பக்கத்தில் ஓவியர் ஜோதி சாஹியின் கலை ஆசிரமம் வண்ணங்களில் அதே தேடலை நடத்தியது. வீட்டுக்கு அருகிலேயே பார்த்தால், திருச்சியில் 1977இல் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக் காவிரி பின்னர் நுண்கலைக் கல்லூரியாகி, பாரதிதாசன் பல்கலைக்கழக இணைப்போடு பரதத்திலும் இசையிலும் பட்டம் தருகிறது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்தும் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் ஆண்களின் கருவியாக இருந்த பறையைப் பெண்கள் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். பரதத்தில் கிறிஸ்துவின் கதையைச் சொல்வது ஒரு வழி. சக்தி பெண்களின் வழி அரசரடிக்கு அக்கா தங்கை உறவு. எதுவும் எதையும் ரத்து செய்யவில்லை. ஆனால் பட்டமும் பாடத்திட்டமும் வந்துவிட்ட கலைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, கேசட்டை நம்பிய கலைக்குக் கிடைக்கவில்லை.

அப்பாவு கடைசிக் காலத்தில் சென்னையிலுள்ள குருகுலம் இறையியல் கல்லூரிக்குப் போய், 2005இல் மறைந்தார். அவருக்குப் பின் நகரச் சபைகளின் இசை இன்னொரு பக்கம் திரும்பிவிட்டது. கீபோர்டில் ஏற்கெனவே பதிந்து வைத்த தாளம், திரையில் ஓடும் வரிகள், மைக்கைப் பிடித்த ஆராதனை வீரர். கீர்த்தனைக்காரர்களும் நாட்டுப்புறக்காரர்களும் பழைய சண்டையை மறந்து ஒரே திண்ணையில் உட்கார்ந்து புலம்பும் நிலை. கிராமிய இசை ஆராதனை பல சபைகளில் ஏதோ ஒரு சிறப்பு ஞாயிற்றுக்கு மட்டும் எடுக்கப்படும் நகை போல ஆகிவிட்டது. வேட்டி கட்டி, தலைப்பாகை சுற்றி, ஒரு நாள் பாடிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கும் உலை மட்டும் தனித்தனிதான்.

ஆகவே மலர்க் குழுவுக்கும் கல்லூரி நிர்வாகத்துக்கும் ஒரு விண்ணப்பம். 1980களிலும் 90களிலும் இங்கே படித்துப் போதகர்களாகி ஓய்வு பெற்றவர்கள் தேனியிலும் இராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் கேசட்டுகள் இருக்கும். காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பூசணம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஓட்டினால் அறுந்துபோகும். இப்போதே வாங்கி எண்ணிமமாக்கவேண்டும். அதோடு நிறுத்தினால் அப்பாவுக்கு அது பாதி மரியாதைதான். அந்தப் பாடல்களைக் கற்ற சபைகளுக்கும் ஆள் அனுப்பவேண்டும். நூறு நாள் வேலையில், பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், கிறிஸ்துமஸ் பவனியில் இன்றைக்கு அவை எப்படிப் பாடப்படுகின்றன, எந்த வரி புதிதாகச் சேர்ந்தது, எந்த வரியை எந்த ஊர் வேண்டாமென்று விட்டது என்று கேட்டுப் பதிவு செய்யவேண்டும். அவர் பெயரே தெரியாமல் ஒருத்தி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தால், முதலில் பதிவு செய்யவேண்டியது அந்தப் பாட்டை.